அனாமத்து

1

பட்டுப் பாதை என்ற பெயரை அந்தப் பாதையில் நடந்த எவரும் கேட்டதில்லை. 1877இல் பெர்டினாண்ட் வான் ரிக்தோபன் என்ற ஜெர்மானிய பூகோள அறிஞர் சீனாவைப் பற்றிய தமது பெரிய நூலில் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1868 முதல் 1872 வரை சீனாவைச் சுற்றிப் பார்த்தவர் அவர். நிலக்கரி எங்கே கிடைக்கும், ரயில் பாதை எந்தத் தடத்தில் போகலாம் என்பதெல்லாம் அந்தச் சுற்றுப்பயணத்தின் அக்கறைகளில் அடங்கும். வரைபடத்தில் கோடு இழுத்துப் பழகிய கை, இரண்டாயிரம் ஆண்டுப் போக்குவரத்துக்கும் ஒரு கோடு இழுத்தது. ஆனால் அங்கே கோடு கிடையாது. பாலைவனத்தின் ஓரமாகச் சிறுசிறு சோலை ஊர்கள் இருந்தன. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போய் விற்றுவிட்டுத் திரும்பியவர்கள்தான் அதிகம். சரக்கு கை மாறி மாறிப் போயிற்று. ஒரே மனிதன் சீனாவிலிருந்து ரோம் வரை ஒட்டகத்தோடு நடந்தான் என்பது நம்முடைய கற்பனை.

பெயர் தவறானது என்பதற்காக நான் சண்டை போட வரவில்லை. பெயர்கள் எல்லாமே பிற்பாடு வருபவைதாம். இந்தப் பெயர் இப்போது என்ன காரியம் செய்துகொண்டிருக்கிறது என்பதுதான் என் கவலை. 2013இல் சீன அதிபர் கஜகஸ்தானில் நின்று புதிய பொருளாதாரத் திட்டம் ஒன்றை அறிவித்தபோது இந்தப் பெயரைத்தான் எடுத்துக்கொண்டார். 2014இல் யுனெஸ்கோ இந்தத் தடத்தின் ஒரு பகுதியை, சீனா, கஜகஸ்தான், கிர்கிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளில் 33 இடங்களாக, உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அரசியல்வாதிகளும் ஸ்தாபனங்களும் போகட்டும். மொழிபெயர்ப்பைப் பற்றியோ வடிவங்கள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போவதைப் பற்றியோ பேச்சு வந்தால் நம் கட்டுரைகளிலும் பட்டுப் பாதை வந்துவிடுகிறது. நானும் எழுதியிருக்கிறேன். பௌத்தம் போயிற்று, காகிதம் வந்தது, வாத்தியங்கள் போயின, சிற்பங்களின் உடை மடிப்பு கிரேக்கத்திலிருந்து காந்தாரம் வழியாகச் சீனம்வரை போயிற்று. பரிமாற்றம் என்ற சொல்லைச் சொன்னதும் நமக்கு ஒரு நிம்மதி வருகிறது.

இந்த நிம்மதி நியாயமானதுதானா என்பதே கேள்வி. ஒரு பெரிய நன்மை நடந்திருக்கிறது, மறுக்க முடியாது. அதே போக்குவரத்தில் சிலருக்கு என்ன நேர்ந்தது என்பதற்கும் எழுத்து ஆதாரம் இருக்கிறது. முன்னதைக் காட்டிப் பின்னதை நேர்செய்ய முடியுமா? நேர்செய்ய முடியாது என்றால் பின்னதை எங்கே வைப்பது?

2

1907இல் ஆரெல் ஸ்டைன், துன்ஹுவாங்குக்கு மேற்கே பாழடைந்து கிடந்த பழைய சீன எல்லைக் காவல்கோபுரம் ஒன்றிலிருந்து மடித்த காகிதங்கள் சிலவற்றை எடுத்தார். சோக்திய மொழியில் எழுதிய கடிதங்கள் அவை. சோக்தியர்கள் சமர்கந்து, புகாரா பகுதியைச் சேர்ந்தவர்கள்; இரானிய மொழி ஒன்றைப் பேசியவர்கள்; பல நூற்றாண்டுகள் அந்தத் தடத்தின் வியாபாரம் பெரும்பாலும் இவர்கள் கையில்தான் இருந்தது. ஐந்து கடிதங்கள் ஏறக்குறைய முழுசாகவும் மற்றவை துண்டுகளாகவும் கிடைத்தன. லோயாங் நகரம் எரிந்துபோன செய்தி ஒரு கடிதத்தில் இருக்கிறது. அது நடந்தது 311இல். அதை வைத்து ஹென்னிங் என்ற அறிஞர் 1948இல் இக்கடிதங்களை 312, 313 ஆண்டுகளைச் சேர்ந்தவை என்று கணித்தார். இன்று அவை லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. நிக்கலஸ் சிம்ஸ்-வில்லியம்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாகத்தான் என்னைப் போன்றவர்கள் அவற்றைப் படிக்க முடிகிறது.

ஒரு கடிதம் நனாய்-வந்தக் என்ற வியாபாரி சமர்கந்தில் இருக்கும் வர்ஸக் என்பவருக்கு எழுதியது. பட்டுத் துணியில் சுற்றி, மேலே முரட்டுத் துணி உறை போட்டு அனுப்பியிருக்கிறார். சீனத்தில் பஞ்சம், அரசன் ஓடிவிட்டான், தலைநகரம் எரிந்துவிட்டது, அங்கிருந்த இந்தியர்களும் சோக்தியர்களும் பட்டினியில் செத்துப்போனார்கள் என்றெல்லாம் சொல்லிவிட்டு, தமக்கும் முடிவு நெருங்கிவிட்டது என்ற தொனியில் பண விஷயத்துக்கு வருகிறார். சமர்கந்தில் அவர் ஒப்படைத்துவிட்டு வந்த பணம் இருக்கிறது. அதை எண்ணிப் பார்த்து, வட்டியை முதலோடு சேர்த்து, தக்சிச்-வந்தக் என்ற சிறுவனுக்காகப் பெருக்க வேண்டும். பையன் பிழைத்து ஆளானால் அவனுக்கு அதைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. கூடவே 32 கஸ்தூரிப் பைகளை வேறோர் ஆள் மூலம் துன்ஹுவாங்குக்கு அனுப்பியிருக்கிறார். அதிலும் பெரும்பங்கு பையனுக்கு.

இரண்டு கடிதங்கள் மிவ்னாய் என்ற பெண்ணுடையவை. ஒன்று தாய் சாத்திஸுக்கு. மற்றது கணவன் நனாய்-தத்துக்கு. கணவன் சொல்லைக் கேட்டு, தாயும் சகோதரர்களும் வேண்டாமென்று சொல்லியும், அவள் துன்ஹுவாங்குக்கு வந்தாள். கணவன் போய்விட்டான். மூன்று வருஷமாக அங்கே கிடக்கிறாள். கூட மகள் ஷாயன். தாய் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். ஊர்ப் பெரியவரான அதிகாரியிடம் போய்க் கேட்கிறாள்; உன் புருஷனுக்கு இங்கே நெருங்கிய உறவு ஆர்திவான்தான், அவரைக் கேள் என்கிறார். ஆர்திவானிடம் போனால் பர்ன்குந்தைக் கைகாட்டித் தட்டிக்கழிக்கிறார். பர்ன்குந்திடம் போனால், உறவுக்காரரே சம்மதிக்காதபோது நான் எப்படி உன்னைக் கூட்டிப்போவது, பொறுத்திரு, ஒருவேளை உன் புருஷன் வந்துவிடலாம் என்கிறார். கடன் கேட்கிறாள், ஒருவரும் கொடுக்கவில்லை. கோயில் பூசாரி ஒருவர் போடுகிற தர்மத்தில் உயிர் பிழைத்திருக்கிறாள். நீ கிளம்புவதானால் ஒட்டகம் ஒன்றும் துணைக்கு ஓர் ஆளும் தருகிறேன் என்று அவர் மட்டும் சொல்லியிருக்கிறார்.

கணவனுக்கு எழுதியதில் பணிவான முகமன்கள் முடிந்ததும் கோபம் வருகிறது. அவனுக்கு மனைவியாக இருப்பதைவிட நாயையும் பன்றியையும் மேலாக வைக்கிறாள். கடிதத்தின் கடைசியில் மகள் சேர்த்திருக்கும் சில வரிகளிலிருந்து, பர்ன்குந்த் கடன் வைத்துவிட்டு ஓடிப்போனதும், அந்தக் கடனுக்காகத் தாயும் மகளும் சீனர்களிடம் வேலைக்காரிகளாக வேண்டிவந்ததும் தெரிகின்றன.

இந்தக் கடிதங்கள் ஒன்றும் போய்ச் சேரவில்லை. சேர்ந்திருந்தால் நமக்குக் கிடைத்திருக்காது. அந்தத் தடத்தில் போய்ச் சேர்ந்த கடிதங்கள் எத்தனையோ இருந்திருக்கும். படித்தார்கள், காரியத்தை முடித்தார்கள், காகிதம் போன இடம் தெரியவில்லை. சரித்திரத்துக்கு மிஞ்சியது தபால் தவறிய பை ஒன்று.

3

மேலே சொன்ன மூன்று கடிதங்களும் ஒரே குவியலில் கிடந்தவை என்பதை நான் பல நாள் கவனிக்காமல் இருந்தேன். கவனித்த பிறகு வேறு எதையும் யோசிக்க முடியவில்லை.

நனாய்-வந்தக்கின் கடிதத்தில் தெரிவது எவ்வளவு பெரிய நம்பிக்கை! தலைநகரம் எரிந்துவிட்டது, அரசு இல்லை, எழுதுகிறவர் உயிரோடு திரும்புவது நிச்சயமில்லை. ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் ஒருவர் கையில் இருக்கும் பணம் எண்ணப்படும், வட்டி கூடும், ஒரு சிறுவன் ஆளானதும் அவனிடம் போய்ச் சேரும் என்று அவர் நம்புகிறார். கஸ்தூரியை இன்னொருவர் கையில் கொடுத்தனுப்புகிறார். அது பங்கு பிரிக்கப்படும் என்று நம்புகிறார். இதை அமல்படுத்த அங்கே கோர்ட்டோ போலீஸோ இல்லை. இருந்தது பேர், உறவு, ஊர், வாக்கு. இந்தத் தடத்தை ஏற்படுத்தியது பட்டு அல்ல, இந்த நம்பிக்கைதான் என்று சொன்னால் மிகையாகாது. வங்கி என்ற ஸ்தாபனத்தின் உள்ளே இன்றைக்கும் இருப்பது இதுவேதான். முத்திரையும் கையெழுத்தும் கடவுச்சொல்லும் அதற்கு மேல் போர்த்திய துணி.

அதே சமூகம், ஏறக்குறைய அதே மாதங்கள், அதே தபால்காரன். கஸ்தூரி போகிற வழியில் மிவ்னாய் போக முடியவில்லை.

வழக்கமாக இப்படிப்பட்ட இடத்தில் நாம் இரண்டு சரித்திரம் எழுதுவோம். ஒன்று நம்பிக்கையின் சரித்திரம். மற்றது கொடுமையின் சரித்திரம். நல்லவர்கள் ஒரு பக்கம், கெட்டவர்கள் ஒரு பக்கம். கடிதங்கள் இதற்கு இடம் கொடுக்கவில்லை. அவள் போய்க் கேட்ட மூவரில் பர்ன்குந்த் பிற்பாடு ஓடிப்போனவர், அவரை விட்டுவிடலாம். மற்ற இருவரும் தத்தம் இடத்தில் சரியாகத்தான் பேசியிருக்கிறார்கள். அடுத்தவன் மனைவியை அவன் உறவினரின் சம்மதம் இல்லாமல் வெளியூர் அனுப்பும் அதிகாரம் தமக்கு உண்டு என்று அந்த அதிகாரி நினைக்கவில்லை. உறவுதான் அங்கே ஜாமீன். எந்த உறவு முறை நனாய்-வந்தக்கின் பணத்தைச் சமர்கந்தில் பத்திரமாக வைத்திருக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டதோ, அதே உறவு முறைதான் மிவ்னாயை நனாய்-தத்தின் கணக்கில் எழுதி வைத்தது. கணக்குக்கு உரியவன் வரவில்லை. ஆகவே யாரும் அந்தக் கணக்கைத் தொட முடியாது. கஸ்தூரிக்கு அனுப்புநர் இருக்கிறார், பெறுநர் இருக்கிறார். அவளுக்கு இருவரும் இல்லை. கடன் கேட்டபோது ஒருவரும் கொடுக்காததற்கும் காரணம் மனம் இரங்காமை மட்டுமல்ல. அவள் பெயரில் கடன் எழுத இடமில்லை.

கவுண்டரில் உட்கார்ந்து வேலை பார்ப்பவனுக்கு இந்தப் பேச்சுகள் பழக்கமானவை. அவரைப் பாருங்கள், இது எங்கள் செக்ஷன் அல்ல, அவர் கையெழுத்து இருந்தால் நான் செய்துவிடுவேன். சொல்பவன் பொய் சொல்வதில்லை. விதி இருப்பதால்தான் உங்கள் பணத்தை வேறொருவன் எடுத்துப்போக முடியாமல் இருக்கிறது. அந்த விதியின் மறுபக்கத்தில் ஒருத்தி நின்றுகொண்டிருக்கிறாள். நம்பிக்கை ஒன்று, அது மறுக்கப்படுவது வேறொன்று என்று பிரித்துவிட்டால் மனம் லேசாகிவிடும். இங்கே இரண்டும் ஒரே காகிதத்தின் இரு பக்கம்.

4

இது ஒரு பெண்ணின் துரதிர்ஷ்டம், இதிலிருந்து பொதுவாக எதையும் சொல்லக்கூடாது என்று ஆட்சேபிக்கலாம். இன்னொரு காகிதத்தைப் பார்ப்போம்.

துன்ஹுவாங்குக்கு வடமேற்கே டர்பான். மழையே இல்லாத பூமி. அங்கே அஸ்தானா என்ற இடுகாட்டில், இறந்தவர்களுக்குக் காகிதத்தால் செருப்பும் இடைவாரும் தொப்பியும் செய்து போட்டுப் புதைத்திருக்கிறார்கள். புதுக் காகிதம் விலை அதிகம். ஆகவே அலுவலகங்களில் கழித்த காகிதங்களை வெட்டித் தைத்தார்கள். பிணத்தின் காலிலிருந்து ஒப்பந்தங்களும் வழக்குப் பதிவுகளும் கிடைத்தன. 7ஆம் நூற்றாண்டின் பிற்பாதியைச் சேர்ந்த ஒரு வழக்கு அப்படி ஒட்டுப்போட்டுப் படிக்கப்பட்டது. காணாமற்போன ஒரு சோக்திய வியாபாரியிடம் சீன வியாபாரி 275 சுருள் பட்டு கடன் வாங்கியிருந்தார். தம்பி வழக்குப் போட்டார். நீதிமன்றம் சாட்சிகளை விசாரித்து அந்நியனான தம்பியின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. பட்டு அப்போது அங்கே நாணயம். தாங் அரசு மேற்கு எல்லைச் சிப்பாய்களுக்குப் பட்டுச் சுருள்களாகவே சம்பளம் அனுப்பிக்கொண்டிருந்தது. அப்படியான காலத்தில் மொழி தெரியாத ஊரில் ஒரு வெளிநாட்டானுக்கு நீதி கிடைத்தது. இதை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

அதே இடுகாட்டில் 1969இல் வேறொரு காகிதம் கிடைத்தது. 639ஆம் ஆண்டு எழுதிய சோக்திய விற்பனைப் பத்திரம். விற்ற பொருள் உபாச் என்ற பெண். விலை 120 வெள்ளிக் காசு. பத்திரத்தில் கண்ட விவரங்களை வரிசையாகச் சொல்கிறேன். காசு பாரசீக அச்சு. மொழி சோக்தியம். ஆண்டுக் கணக்கு, சீனப் பண்பாட்டில் ஊறிய காவோசாங் அரசனுடைய ஆட்சி ஆண்டு. விற்றவர் சமர்கந்துக்காரர். பெண் துருக்கியர் நாட்டில் பிறந்தவள். சாட்சிகள் வெவ்வேறு சோக்திய ஊர்களைச் சேர்ந்தவர்கள். வாங்கியவர் யான்சியான் என்ற பௌத்த பிக்ஷு. அவரும் அவருடைய வாரிசுகளும் அவளை அடிக்கலாம், கட்டிப்போடலாம், விற்கலாம், அடகு வைக்கலாம், இனாமாகக் கொடுக்கலாம்.

பரிமாற்றத்துக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடையாது. நம் கட்டுரைகளில் நாம் பட்டியல் போடுகிற எல்லாமே இந்த ஒரு தாளில் இருக்கின்றன: பல மொழி, பல மதம், பல நாணயம், எல்லைகளைக் கடந்த சட்டம், ஊர் ஊராகச் செல்லுபடியாகும் வாக்கு. உபாச் மட்டும் பேசவில்லை.

இந்தப் பத்திரத்துக்குச் சுமார் பத்து ஆண்டு முன்னால் யுவான் சுவாங் இதே காவோசாங் வழியாக இந்தியாவுக்குப் போனார். அரசன் சூ வென்தாய் அவரைப் போகவே விடவில்லை. பட்டினி கிடந்துதான் அவர் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. பிறகு அரசன் பெருந்தன்மையோடு வழியனுப்பினான். குதிரைகள், ஆட்கள், பொன், வெள்ளி, 500 சுருள் பட்டு, வழியிலுள்ள 24 தேசத்து அரசர்களுக்கு 24 கடிதம், கடிதம் ஒன்றுக்கு ஒரு பட்டுச் சுருள் என்று அவருடைய சரிதை சொல்கிறது. அந்தக் கடிதங்கள் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. நாளந்தாவில் படித்தார்; தெற்கே காஞ்சிபுரத்தைப் பற்றியும் அவர் நூல் பேசுகிறது; 645இல் 657 நூல்களோடு சீனாவுக்குத் திரும்பினார். மூலத்தில் அழிந்துபோன பௌத்த நூல்கள் பலவும் இன்று சீன மொழியில் படிக்கக் கிடைப்பதற்கு அவரும் அவரைப் போன்றவர்களும் காரணம். மொழிபெயர்ப்பாளன் என்ற ஜாதியில் அவரைவிட உயர்ந்தவர் யார்? நான் அவரை வணங்குகிறேன். ஆனால் அவருக்கு உபசாரம் நடந்த அதே ஊரில், அவரை உபசரித்த அதே அரசனின் ஆட்சியில், அவருடைய மதத்தைச் சேர்ந்த துறவி ஒருவர் ஒரு பெண்ணை விலைக்கு வாங்கியிருக்கிறார். பௌத்தம் இந்தத் தடத்தில் வந்தது என்று எழுதும்போது நாம் இரண்டு பிக்ஷுக்களையும் சேர்த்துத்தான் எழுதுகிறோமா?

5

இனி நேர்செய்தல்.

சரித்திரத்தைக் கணக்காகப் பார்ப்பது தவறில்லை. மனம் தானாகவே அப்படித்தான் பார்க்கிறது. இவ்வளவு துன்பம், ஆனாலும் காகிதம் மேற்கே போயிற்று, அதனால் புத்தகம் வந்தது. 751இல் தலாஸ் ஆற்றங்கரையில் அரபுப் படை சீனப் படையைத் தோற்கடித்து, கைதிகளிடமிருந்து காகிதம் செய்யக் கற்றது என்று ஒரு பழைய கதை உண்டு. சோக்தியர்கள் 4ஆம் நூற்றாண்டிலேயே காகிதத்தில் கடிதம் எழுதியிருக்கும்போது அந்தக் கதை எவ்வளவு தூரம் நிற்கும் என்பது வேறு விஷயம். எனக்குச் சுவாரசியமாகப் படுவது கதையின் அமைப்புதான். கொடுத்தவர்கள் கைதிகள். கொடுத்தார்கள் என்ற வினைச்சொல்லே அங்கே பொருந்தாது. அந்தப் போரில் பிடிபட்ட து ஹுவான் என்பவர் 762இல் கடல் வழியாக ஊர் திரும்பினார். அரபு நாட்டில் சீன ஓவியர்களையும் பட்டு நெசவாளர்களையும் பார்த்ததாக அவர் எழுதிய குறிப்பு மிஞ்சியிருக்கிறது. அவர் திரும்பினார். நெசவாளர்கள் அங்கேயே தறியில் உட்கார்ந்திருந்தார்கள். நாம் அதை நெசவுக் கலையின் பரவல் என்கிறோம்.

கணக்கு எழுதுகிறவனுக்குத் தெரிந்த ஓர் எளிய உண்மை இருக்கிறது. ஐந்தொகையில் இரு பக்கமும் ஒத்துப்போகும், ஒத்துப்போக வேண்டும். ஆனால் மொத்தம் ஒத்துப்போவதால் ஒவ்வொரு பேரேட்டுக் கணக்கும் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ராமசாமி கணக்கில் வரவேண்டிய நூறு ரூபாயைக் கிருஷ்ணசாமி கணக்கில் வரவு வைத்தால் மொத்தம் தவறாது. தணிக்கையில்கூட உடனே தெரியாது. ராமசாமிக்குப் பணம் போகவில்லை. சரித்திரத்தின் ஆறுதல்கள் எல்லாம் இந்த வகைத் தவறுதான். மிவ்னாயின் பற்றை ஐரோப்பிய அச்சுப் புத்தகத்தின் வரவில் கழிக்கிறோம். இருவரும் ஒரே கணக்குதாரர் என்று எண்ணினால்தான் அப்படிக் கழிக்க முடியும். அந்த ஒரே கணக்குதாரருக்கு மானுடம் என்று பெயர் வைத்திருக்கிறோம். துன்பப்பட்டவர் ஒருவர், பலன் பெற்றவர் வேறொருவர் என்பதை மறைக்கும் சொல் அது.

தாஸ்தாயேவ்ஸ்கியின் இவான் கரமசோவ் இதைக் கேட்டுவிட்டான் என்று நண்பர்கள் சொல்லக்கூடும். ஒரு குழந்தையின் கண்ணீர்மேல் கட்டப்படும் இசைவு எனக்கு வேண்டாம் என்று அவன் அனுமதிச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தான். அவனுடைய கேள்வி கட்டுமானத்துக்கு முன்னால் நிற்கிறவனின் கேள்வி. நமக்கு அந்த வசதி இல்லை. பாதை நடந்து முடிந்துவிட்டது. நான் இதை எழுதுகிற காகிதம், படித்த மொழிபெயர்ப்பு, நமக்குத் தெரிந்த புத்தர் முகம் எல்லாம் அதில் வந்தவை. சீட்டைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றால் அது வெறும் பாவனை. வாரிசு என்ற முறையில் சொத்தை அனுபவித்துக்கொண்டே கடனை மட்டும் எனக்குத் தெரியாது என்பதைப்போன்றது அது. மறுப்பது நம்மால் முடியாது. நேர்செய்வதும் முடியாது. மிஞ்சுவது, தீராத ஒன்றைத் தீராதது என்றே எழுதி வைப்பது.

இதற்குக் கணக்கியலில் ஓர் இடம் உண்டு. எங்கே சேர்ப்பது என்று தெரியாத தொகையை அனாமத்துக் கணக்கில் வைப்பார்கள். ஆங்கிலப் பழக்கத்தில் சஸ்பென்ஸ் என்போம். கணினி வந்த பிறகும் அது இருக்கிறது. நல்ல மேலாளருக்கு அது கண்ணில் விழுந்த தூசி. தினமும் உறுத்தும், எப்படியாவது அதைக் காலி செய்யப் பார்ப்பார். காலி செய்ய ஒரு சுலப வழி, ஏதோ ஒரு தலைப்பின் கீழ் தள்ளிவிடுவது. நேர்மையான வழி, உரியவர் தெரியும்வரை உறுத்தலோடு அதை வைத்துக்கொண்டிருப்பது.

அனாமத்து நம் சொல் அல்ல. அமானத் என்ற அரபுச் சொல் பாரசீகம், இந்துஸ்தானி வழியாக நம் கச்சேரிகளுக்கு வந்து இப்படித் திரிந்திருக்கிறது. அமானத் என்றால் நம்பி ஒப்படைத்த பொருள். நனாய்-வந்தக் சமர்கந்தில் விட்டுவந்தது அமானத். தமிழில் அந்தச் சொல் மெல்லச் சரிந்து, உரியவர் இல்லாதது, எந்தத் தலைப்பிலும் சேராதது என்ற பொருளுக்கு வந்துவிட்டது. அனாமத்தாய்க் கிடக்கிறது என்கிறோம். மிவ்னாய் அப்படித்தான் துன்ஹுவாங்கில் கிடந்தாள். நம்பி ஒப்படைத்தது எப்போது கேட்பாரற்றதாக மாறுகிறது? உரியவன் வராமல் போகும்போது. அந்தக் கணத்துக்குப் பிறகு வைத்திருப்பவனின் நடத்தையில்தான் அறம் என்ற பேச்சே ஆரம்பமாகிறது. உரியவன் வந்து கேட்கிறவரை அது வெறும் ஒப்பந்தம்.

6

இவ்வளவு எழுதிய பிறகு என்மேலேயே எனக்கு ஒரு சந்தேகம். பட்டுப் பாதையை உருவகமாக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு மிவ்னாயை உருவகமாக்கிவிட்டேனா? ஒரு கட்டுரைக்கு அவள் உபயோகப்பட்டுவிட்டாள். அவள் எழுதியது தாய்க்கும் கணவனுக்கும். எனக்கல்ல. பிறர் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற கூச்சம் ஆயிரத்து எழுநூறு ஆண்டு கழிந்தால் ஏன் போய்விடுகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

அவள் கேட்டது என்ன என்பதை மறுபடி பார்க்கிறேன். இரக்கம் கேட்கவில்லை. தன்னை நினைவு வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. நம்மைப் போன்ற இலக்கியவாதிகள் தாராளமாகக் கொடுக்கக்கூடியவை இவை இரண்டும்தான். அவள் கேட்காதவையும் இவைதான். அவள் கேட்டது கொஞ்சம் பணம், ஒரு துணை, ஊருக்குப் போகும் வழி, ஒரு பதில். இதில் ஒன்றைக்கூட யாரும் இனிக் கொடுக்க முடியாது. நம்முடைய நெகிழ்ச்சியை அந்த இடத்தில் வரவு வைப்பது ராமசாமி கணக்கைக் கிருஷ்ணசாமி கணக்கில் வைத்த அதே தவறு. இந்தத் தடவை கிருஷ்ணசாமி நாமேதான்.

அப்படியானால் இந்தக் கடிதங்களைப் படித்து என்ன பயன் என்று கேட்டால், பயன் என்ற சொல்லை நான் தவிர்ப்பேன். ஒரு கட்டுப்பாடு உண்டு என்று வேண்டுமானால் சொல்லலாம். பரிமாற்றம், பரவல், சங்கமம் என்று எழுத வரும்போதெல்லாம் பேனாவை ஒரு நிமிஷம் நிறுத்தி, யார் கொடுத்தார், யார் பெற்றார், யார் கையில் அது வந்தது, நடுவில் யார் நின்றுபோனார் என்று வினைச்சொல்லுக்கு எழுவாய் தேடுவது. எழுவாய் கிடைக்காத இடத்தில் காலியிடம் விடுவது. நடை சற்று முரடாகும். ஆகட்டும். காந்தாரத்துப் புத்தரின் மேலாடை மடிப்பை வர்ணிக்கும் நம்முடைய வாக்கியங்கள் அளவுக்கு மேல் வழுவழுப்பாகத்தான் இருக்கின்றன.

வங்கிகளில் பத்து ஆண்டு யாரும் தொடாத கணக்கிலுள்ள பணம் 2014ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி ரிசர்வ் வங்கியின் ஒரு நிதிக்குப் போய்விடுகிறது. அந்த நிதியைப் பொதுக் காரியத்துக்கு, டெபாசிட்தாரர்களின் நலனுக்கு, செலவிடலாம். அதில் தப்பில்லை, பணம் சும்மா கிடக்க வேண்டியதில்லை. ஆனால் கணக்கிலிருந்து பெயர் போவதில்லை. எப்போதாவது உரியவரோ வாரிசோ வந்து கேட்டால் வங்கி வட்டியோடு கொடுத்தாக வேண்டும். பொதுக் காரியம் நல்ல காரியம் என்பது அவருக்குப் பதிலாகாது.

பட்டுப் பாதையின் சரித்திரத்தை இந்த அளவு நாணயத்தோடாவது நாம் எழுதலாம். காகிதமும் புத்தரும் வாத்தியங்களும் பொதுச் செலவுக்குப் போகட்டும், போய்விட்டன. மிவ்னாய், ஷாயன், உபாச் என்ற பெயர்கள் கணக்கில் நிற்க வேண்டும். வந்து கேட்க ஆள் வரமாட்டார் என்று நமக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தும் நிற்க வேண்டும்.